ஓடப் போனவளும் ஓடிப் போனவளும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட சங்கதி கடவுளைப் பற்றியதல்ல, கோவிலைப் பற்றியதுமல்ல. ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே போகிறாள், திரும்பி வரவில்லை, அதன் பிறகு ஊரார் என்னென்ன பேசுகிறார்கள் என்பதைப் பற்றியதாகும். இதென்ன பிரமாதம், இதைக் கேட்கவா வேலையை விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் பகுத்தறிவு என்பதைக் கோவிலுக்கு எதிரே நின்று பேசும்போது மாத்திரம் உபயோகித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பியதும் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிடுவதென்றால், அந்தப் பகுத்தறிவினால் ஒரு காசு பிரயோசனம் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிறானே, அவன் பேசும் இடம் கோவிலானாலென்ன, காப்பிக்கடையானாலென்ன? இரண்டும் ஒரே வியாபாரந்தான்.

முதலில் நம் பாஷையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்பிள்ளை விடியற்காலையில் எழுந்து ஏரிக்கரையில் ஓடினால் ‘தேகப்பயிற்சி செய்கிறான்’ என்கிறோம். ‘ஒரு பெண் ஓடினாள்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவன் ‘யாரோடு?’ என்பான். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், ஆனால் ‘ஓடுகாலி’ என்று ஒரு வார்த்தையை நம்மவர்கள் உண்டாக்கி வைத்திருக்கிறார்களே, அது யாரை வைய உண்டாக்கியது? கால் இருப்பதும் அந்தக் கால் ஓடுவதும் ஆணுக்குப் பெருமை, பெண்ணுக்கு வசவு என்றால், ஒருத்தி ஓடப் போன இடத்தில் காணாமற் போகும்போது ஊரார் வாயில் ‘ஓடப் போனாள்’ என்பது ‘ஓடிப் போனாள்’ என்று மாறுவதற்கு எவ்வளவு நேரமாகும்?

இது நம் நாட்டு வியாதி மாத்திரம் என்று நினைத்து மேல்நாட்டானைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டியதில்லை. 1928ஆம் வருஷம் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள. கடைசிச் சுற்றில் ஓடியவர்கள் 9 பேர். 9 பேரும் ஓடி முடித்தார்கள். ஜெயித்தவர் லினா ராட்கே என்கிற ஜெர்மன் பெண்மணி. அன்றைக்கு அது உலக சாதனை. ஆனால் பத்திரிகைக்காரர்கள் எழுதியதென்ன? பாதிப் பேர் வழியிலேயே சுருண்டு விழுந்தார்களாம், பெண்ணின் உடம்பு இதற்கு ஏற்பட்டதல்லவாம். கண்ணெதிரே நடந்ததையே இப்படி மாற்றி எழுதினார்கள். பலன், அதற்குப் பிறகு 1960 வரையில், அதாவது 32 வருஷ காலம், ஒலிம்பிக்கில் பெண்கள் 200 மீட்டருக்கு மேல் ஓட முடியாமற் போயிற்று. மாரத்தான் என்னும் தூர ஓட்டம் அவர்களுக்குக் கிடைத்தது 1984இல்தான். நடுவில் 1967இல் பாஸ்டன் நகரத்து மாரத்தானில் காத்ரீன் சுவிட்சர் என்ற பெண் எண் வாங்கிக்கொண்டு ஓடும்போது, பந்தயத்தை நடத்திய ஒருவரே பின்னால் ஓடிப்போய் அந்த எண்ணைப் பிய்த்தெறியப் பார்த்தார். எதற்காகச் சொல்லுகிறேனென்றால், ஓடுகிற பெண்ணைப் பற்றி உலகம் முதலில் ‘அவளால் ஓட முடியாது’ என்று யூகித்தது. அது பொய்யான பிறகு, ‘அவள் ஏன் ஓடினாள்’ என்று யூகிக்க ஆரம்பித்தது.

இனி விஷயத்திற்கு வருகிறேன். அமெரிக்காவில் வயோமிங் என்று ஒரு மாநிலம். விஸ்தீரணத்தில் நம் தமிழ்நாட்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜனங்களோ ஆறு லட்சத்துக்குள். அங்கே விண்ட் ரிவர் மலையடிவாரத்தில் லேண்டர் என்ற சிற்றூர். 1997ஆம் வருஷம் ஜூலை மாதம் 24ந் தேதி, 24 வயதுள்ள ஒரு பெண் அந்த ஊரிலிருந்து கிளம்பினாள். தூர ஓட்டத்தில் பழகியவள். ஊரில் ஓர் ஓட்டப் பந்தயம் நடத்துகிற ஏற்பாட்டில் இருந்தவள். அதற்குப் பாதை பார்ப்பதற்காக மலைப்பக்கம் போயிருக்க வேண்டும். நடுநிசிக்கு மேல் அவளுடைய கார் மலைப்பாதை ஓரத்தில் நிற்கக் கண்டார்கள். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை அவள் எழுதி வைத்திருந்த காகிதம் உள்ளே இருந்தது. அவள் இல்லை. அவள் பெயர் நமக்கு வேண்டியதில்லை. பெயரை வாயில் போட்டு மெல்லுகிறவர்கள் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறார்கள்.

ஊர் ஜனங்கள் திரண்டு தேடினார்கள். குதிரைமேல் போய்த் தேடினார்கள், நாய்களைக் கொண்டு தேடினார்கள், ஆகாய விமானம் வைத்துத் தேடினார்கள். இது பாராட்டத்தக்க காரியம். ஆனால் முதல் நாட்களில் எல்லோரும் ‘வழி தவறியிருப்பாள்’ என்ற ஒரே எண்ணத்தில் இருந்துவிட்டபடியால், அந்தக் காரைக் குற்றம் நடந்த இடமாக நினைத்துப் பாதுகாக்கவில்லை. பல பேர் கை பட்டுப் போயிற்று. நல்லெண்ணத்தோடு செய்ததுதான். இருந்தாலும் யூகம் என்பது நல்லெண்ணத்தோடு வந்தாலும் கண்ணைக் கட்டும்.

சில நாளில் பேச்சு திரும்பியது. கரடி அடித்திருக்கும் என்றார்கள், பிறகு புருஷன்தான் என்றார்கள். அவர் அன்றைக்கு ஒரு சிநேகிதரோடு மலையேறப் போயிருந்ததாகச் சொன்னார். போலீசார் அவரைப் பொய் கண்டுபிடிக்கும் கருவியில் உட்காரச் சொன்னார்கள், வக்கீலோ வேண்டாமென்றார், அவரும் மறுத்துவிட்டார். அவ்வளவுதான். ‘குற்றமில்லாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்?’ என்ற ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஊரும் நாடும் தீர்ப்பு எழுதிவிட்டன. அவர் நோட்டுப் புத்தகத்தில் எப்போதோ கிறுக்கி வைத்திருந்த பாட்டுகளையெல்லாம் படித்து இதோ அத்தாட்சி என்றார்கள்.

அந்தக் கருவியின் யோக்கியதையைக் கொஞ்சம் பாருங்கள். அது பொய்யை அளக்கிற கருவியல்ல. பொய் என்று ஒரு வஸ்து உடம்புக்குள் எங்கும் ஓடவில்லை. இருதயத் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம், தோலில் வருகிற வேர்வை, இவைகளைத்தான் அது அளக்கிறது. பெண்டாட்டியைக் காணோம், ஊரே கொலைகாரன் என்கிறது, நாலு போலீசார் சுற்றி நிற்கிறார்கள், அப்போது ஒருவனுக்கு வேர்க்காமல் வேறென்ன செய்யும்? அமெரிக்க தேசீய ஆராய்ச்சி மன்றத்தார் 2003இல் இதை ஆராய்ந்து, இதற்குள்ள விஞ்ஞான ஆதாரம் பலமற்றதென்று எழுதினார்கள். நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2010இல், ஒருவருடைய சம்மதமில்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாதென்று தீர்ப்புச் சொல்லிற்று. நம் பெரியவர்கள் அந்தக் காலத்தில் சந்தேகப்பட்டவன் வாயில் உலர்ந்த அரிசியைப் போட்டு மெல்லச் சொல்லுவார்களாம். எச்சில் ஊறாவிட்டால் அவன் திருடன். பயந்தவனுக்கும் எச்சில் ஊறாது, தாகமெடுத்தவனுக்கும் ஊறாது. அரிசிக்குப் பதில் கம்பியும் காகிதமும் வந்ததைத் தவிர வேறு என்ன வித்தியாசம்?

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. வேறொரு பெண்ணை 1988இல் கொன்றதற்காகப் பின்னாளில், 2004இல், குற்றவாளியென்று தீர்ப்பான ஒருவன் இருக்கிறான். இந்தப் பெண் காணாமற் போன சமயத்தில் அவனும் அந்த மலைப்பக்கம் இருந்திருக்கக்கூடும் என்று அவனுடைய உடன்பிறந்தவரே தகவல் கொடுத்தார். ஆனால் எல்லோருடைய கண்ணும் புருஷன் மேலேயே இருந்தபடியால் அந்தத் தகவலை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. ‘ஆகவே அவன்தான் செய்தான்’ என்று நான் சொல்லுவேனென்று எதிர்பார்க்காதீர்கள். அது ருசுவாகவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அப்பெண்ணின் உடல் கிடைக்கவில்லை, வழக்கும் முடியவில்லை. நான் சொல்லுவதெல்லாம் இவ்வளவுதான்: ஊரார் ஒரு மனிதன்மேல் விரலை நீட்டிக்கொண்டிருக்கும்போது, மற்ற எல்லாத் திசையையும் யாரும் பார்க்கவில்லை.

இந்த யூகக்காரர்களுக்குப் பின்னாலேயே இன்னொரு கூட்டம் வந்து சேரும். அதுதான் குறி சொல்லுகிற கூட்டம். இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி என்ற பெயர்பெற்ற கதாசிரியை 1926ஆம் வருஷம் டிசம்பர் 3ந் தேதி இரவு வீட்டை விட்டுக் காரில் கிளம்பினார். மறுநாள் கார் மாத்திரம் சரே என்னும் பிரதேசத்தில் ஒரு சரிவில் நின்றது. புருஷன் கொன்றுவிட்டான் என்றார்கள், குளத்தில் விழுந்துவிட்டார் என்றார்கள், புத்தகம் விற்கச் செய்த தந்திரம் என்றார்கள். அப்போது துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் என்ன செய்தார் தெரியுமா? அந்த அம்மாளின் கையுறை ஒன்றை வாங்கி, ஆவிகளோடு பேசுகிறதாகச் சொல்லிக்கொண்ட ஒருவனிடம் கொடுத்துக் குறி கேட்டார்! காலடி மண்ணையும் சுருட்டுச் சாம்பலையும் பார்த்து உண்மை கண்டுபிடிக்கும் ஆளைக் கதையில் சிருஷ்டித்தவர், சொந்த வாழ்க்கையில் கையுறையை மந்திரவாதியிடம் கொடுத்தார். (சிரிப்பு) படித்தவனுக்கு மூடநம்பிக்கை இருக்காது என்று நினைக்கிற நம் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மனிதர் வைத்தியம் படித்தவர். அதோடு 1922இல் வனதேவதைகள் உண்டென்று ஒரு புத்தகமும் எழுதியவர். வனதேவதைகளின் போட்டோ என்று அவர் நம்பியது, காகிதத்தில் வரைந்து வெட்டிய பொம்மைகளை நிறுத்தி இரண்டு சிறு பெண்கள் எடுத்த படம்.

குறிகாரன் ‘அந்த அம்மாள் உயிரோடிருக்கிறாள்’ என்று சொன்னான்; அது பலித்ததே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. உயிரோடிருக்கிறாளா, செத்தாளா என்பதில் இருப்பது இரண்டே பதில். கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டிப் போட்டாலும் பாதி தடவை பலிக்கும். எந்த ஊர், எந்த வீடு, எந்த அறை என்று சொன்னானா? அவர் வடக்கே ஹாரோகேட் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் வேறு பெயரில் தங்கியிருந்தார். அதைக் கண்டுபிடித்தது அந்த ஓட்டலில் வாத்தியம் வாசித்தவர்கள். பத்திரிகையில் வந்த படத்தையும் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளையும் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்துப் போலீசுக்குச் சொன்னார்கள். 14ந் தேதி விஷயம் முடிந்தது. ஆவிக்கு எட்டாதது பாஞ்சோ வாசிக்கிறவன் கண்ணுக்கு எட்டியது.

இது சிரித்துவிட்டுப் போகிற கதை. அடுத்தது சிரிக்கிற கதையல்ல. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 2003இல், வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஓர் இளம் பெண் காணாமற் போனாள். அவள் தாய் அலைந்து அலைந்து, கடைசியில் 2004இல் சில்வியா பிரௌன் என்ற பிரபல குறிகாரியின் முன்னால் டெலிவிஷன் நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்தாள். அந்தக் குறிகாரி, அத்தனை ஜனங்கள் பார்க்க, ‘உன் மகள் உயிரோடில்லை’ என்று சொல்லிவிட்டாள். பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! அந்தத் தாய் 2006இல் இறந்துபோனாள். 2013ஆம் வருஷம் மே மாதம் அந்த மகள், அதே நகரத்தில் ஒரு வீட்டில் பத்து வருஷமாக அடைத்து வைக்கப்பட்டிருந்தவள், கதவை உடைத்துக்கொண்டு உயிரோடு வெளியே வந்தாள். தாய் அதைப் பார்க்கவில்லை. வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறவனையும் சோழி உருட்டுகிறவனையும் ‘பாவம், வயிற்றுப் பிழைப்பு’ என்று சொல்லி விட்டுவிடுகிற தயாளர்கள் இந்த ஒரு சங்கதியை நினைவில் வைத்துக்கொண்டு அப்புறம் தயவு காட்டட்டும்.

நம் நாட்டு வைதிகர்கள் இதிலும் ஒரு படி மேலே போனவர்கள். இங்கே ஒருவர் காணாமற் போனால் தேடுகிற வேலையே கிடையாது. ஜோதியில் கலந்தார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் விசாரணை முடிந்தது. ஆண்டாள் என்ற பெண் ஸ்ரீரங்கத்துக் கர்ப்பக்கிரகத்துக்குள் போனாள், வெளியே வரவில்லை, பெருமாளோடு கலந்துவிட்டாள் என்பது கதை. நந்தனார் நெருப்பில் மூழ்கி எழுந்து தில்லையில் மறைந்தார் என்பது கதை. 1874இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போன இராமலிங்க சுவாமிகளைப் பற்றியும் இவ்வாறே சொல்லுகிறார்கள். இந்த இடத்தில் நம்மவர்களில் சிலர் உடனே எழுந்து, ‘இன்னார் கொன்றார்கள், இன்னார் எரித்தார்கள்’ என்று கைதட்டலோடு சொல்லுவதைக் கேட்டிருக்கிறேன். தோழர்களே! அதற்கு உங்களிடம் ருசு இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் ‘ஜோதியில் கலந்தார் என்பதற்கு ஆதாரமில்லை, என்ன நடந்ததென்று தெரியவில்லை’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். புராணிகன் ஆகாசத்தைக் காட்டி யூகித்தான். நாம் நமக்குப் பிடிக்காதவனைக் காட்டி யூகித்தால், நமக்கும் அவனுக்கும் என்ன வாசி? இதைச் சொல்லுவதில் சிலருக்கு என்மேல் வருத்தம் இருக்கும். இருக்கட்டும்.

காணாமற் போன பெண் திரும்பி வந்தாலாவது ஊர் வாய் மூடுமா என்றால் அதுவும் இல்லை. இராமாயணம் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனான். கடல் தாண்டி மீட்டார்கள். மீட்டதும் ‘நீ சுகமாயிருக்கிறாயா?’ என்று கேட்டார்களா? ‘நீ சுத்தமாயிருக்கிறாயா?’ என்று கேட்டு நெருப்பில் இறங்க வைத்தார்கள். நெருப்புச் சோதனையில் தேறியும் என்ன லாபம்? உத்தரகாண்டத்தில் ஊரார் பேசுகிறார்களென்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைத்தாய்ச்சியைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தூக்கிக்கொண்டு போனவனைப் பற்றிய கேள்வி யுத்தத்தோடு முடிந்தது. தூக்கப்பட்டவளைப் பற்றிய கேள்வி பூமி பிளந்து அவளை விழுங்கும் வரையில் முடியவில்லை. இதைத்தான் இன்றும் பக்தியோடு வாசிக்கிறார்கள். வாசிக்கிறவர்கள் வீட்டுப் பெண் அந்திக்குமேல் அரைமணி நேரம் தாமதித்து வந்தால் என்ன கேள்வி வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும்.

2022ஆம் வருஷம் செப்டம்பர் 2ந் தேதி அமெரிக்காவில் மெம்பிஸ் என்ற நகரத்தில், சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஓர் உபாத்தியாயினி விடியற்காலை நாலு மணிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தவளைக் கடத்திக்கொண்டு போனார்கள். மூன்று நாளில் பிரேதம் கிடைத்தது. அந்த மூன்று நாளில் ஜனங்கள் கேட்ட கேள்விகள் இவை: நாலு மணிக்கு என்ன ஓட்டம்? ஏன் தனியாக ஓடினாள்? என்ன உடுப்பு போட்டிருந்தாள்? புருஷன் ஏன் தனியே விட்டான்? வேலைக்கும் போய்க் குழந்தைகளையும் பார்க்கிற ஒருத்திக்கு அந்த நேரத்தைத் தவிர வேறு எந்த நேரம் சொந்தமாகக் கிடைக்கும் என்று கேட்டவர்கள் சொற்பம்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று இருந்தது. இந்தக் கடத்தலுக்காகப் பிடிபட்டவன்மேல், ஒரு வருஷத்துக்கு முன்பு, 2021 செப்டம்பரில், இன்னொரு பெண் பலாத்காரப் புகார் கொடுத்திருந்தாள். அவள் உடம்பிலிருந்து எடுத்த சோதனைப் பொருள்கள் மாநிலச் சோதனைச்சாலைக்குப் போய் மாதக்கணக்கில் தொடப்படாமல் கிடந்தன. அதைச் சோதித்து இன்னான் என்று பெயர் வந்தது, இந்த உபாத்தியாயினி கடத்தப்பட்ட பிறகுதான். அந்தப் பழைய குற்றத்துக்கு 2024இல் அவன் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. ஒரு பொட்டலத்தை உரிய காலத்தில் பிரித்துப் பார்த்திருந்தால் அவன் அன்று விடியற்காலையில் தெருவில் இருந்திருப்பானா என்று கேட்க வேண்டாமா? அதைக் கேட்டால் சர்க்கார் பதில் சொல்ல வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், ஆள் போட வேண்டும். பெண்ணின் உடுப்பைப் பற்றிக் கேட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவள்தான் செத்துப்போனாளே!

ஜனங்கள் ஏன் இப்படிக் கேட்கிறார்கள்? எல்லோரும் கெட்டவர்கள் என்பதல்ல காரணம். பயந்தான் காரணம். அவள்மேல் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால், ‘என் மகள் அந்தத் தப்பைச் செய்யமாட்டாள், ஆகவே அவளுக்கு ஒன்றும் வராது’ என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நம் நாட்டில் இதற்கு ஒரு சாஸ்திரமே உண்டு. அதற்குப் பெயர் கர்மம். ஒருவன் குருடனாய்ப் பிறந்தால் முன் ஜன்மத்தில் என்ன செய்தானோ என்பது. ஒருவனைச் சேரிக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, போன ஜன்மத்துப் பாவம் என்பது. ஒருத்தி தாலி அறுத்தால் அவள் ஜாதகம் என்பது. அடிபட்டவனிடமே குற்றத்தைத் தேடுவது என்பதை மதமாக ஆக்கி வைத்திருக்கிற நாட்டில், காணாமற் போன பெண்ணிடம் குற்றத்தைத் தேடுவதா ஆச்சரியம்? முன் ஜன்மத்தைப் பார்த்தவன் எவனுமில்லை. விடியற்காலை இருட்டில் நடந்ததைப் பார்த்தவனும் எவனுமில்லை. இரண்டிலும் பார்க்காதவன்தான் உரக்கப் பேசுகிறான்.

மெம்பிஸ் நகரத்துப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்து, அவள் கடத்தப்பட்ட அதே விடியற்காலை நேரத்தில், நூற்றுக்கணக்கானவர்கள் கூடி அவள் ஓடி முடிக்காமல் விட்ட பாதையை ஓடி முடித்தார்கள். (கைதட்டல்) வேறு பல ஊர்களிலும் அப்படியே ஓடினார்கள்.

இப்போது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதை ஒளிக்க வேண்டியதில்லை. 2016ஆம் வருஷம் நவம்பர் மாதம் கலிபோர்னியாவில் ரெட்டிங் ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண் ஓடப் போனவள் காணாமற் போனாள். 22 நாள் கழித்து உடம்பெல்லாம் காயத்தோடு திரும்பி வந்தாள். ஸ்பானிஷ் பாஷை பேசுகிற இரண்டு பெண்கள் துப்பாக்கி முனையில் கடத்தினார்கள் என்றாள். கடைசியில் அது முழுப் பொய். பழைய சிநேகிதன் ஒருவன் வீட்டில் இவளே போய் இருந்தாள் என்று தெரிந்து, 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 18 மாதத் தண்டனை பெற்றாள். ‘முதல் நாளே பொய் என்று நாங்கள் சொன்னோமே! யூகம் பலித்ததா இல்லையா?’ என்று கேட்பார்கள்.

அந்தப் பொய் எப்படி வெளிப்பட்டது என்று பாருங்கள். அவள் உடுப்பில் ஒட்டியிருந்த ஓர் ஆணின் மரபணு அடையாளத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் அதற்கு உடையவன் கிடைக்கவில்லை. 2020இல் ஒரு குடும்பத்தாரின் வழியாகத் தேடி அவனைப் பிடித்தார்கள். அவன் நடந்ததைச் சொன்னான். இதில் திண்ணைப் பேச்சுக்காரன் செய்த உதவி என்ன? முதல் நாளே ‘பொய்’ என்றவனுக்கு ஆதாரம் ஒன்றுமில்லை. ஓடாத கடிகாரமும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சரியான மணி காட்டும். அதற்காக அதைக் கையில் கட்டிக்கொண்டு ரயிலுக்குப் போவார் உண்டா? இதே ஆள் லேண்டரில் வேறொன்றும் மெம்பிஸில் வேறொன்றும் சொன்னவன்தானே? அன்றியும் அவளை நம்பி மறுபக்கம் யூகித்தவர்கள் செய்த தீங்கும் சின்னதல்ல. அவள் சொன்ன அடையாளத்தை வைத்துப் படம் வரைந்து 2017இல் வெளியிட்டார்கள். செய்யாத குற்றத்துக்கு, இல்லாத இரண்டு பெண்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாஷை பேசுகிற ஏழைப் பெண்கள் அத்தனை பேர்மேலும் அந்தப் படத்தின் நிழல் விழுந்ததா இல்லையா? பொய் சொன்னவளை நான் ஆதரிக்கவில்லை. ஒருத்தி சொன்ன பொய்யைக் காட்டி அடுத்துக் காணாமற் போகிறவளையும் ‘இவளும் அப்படித்தான்’ என்று சொல்லுவார்களே, அதுதான் எனக்குக் கவலை.

அப்படியானால் யோசிக்கவே கூடாதா என்றால், அதுவுமல்ல. விஞ்ஞானியும் முதலில் யூகிக்கிறான், துப்பறிகிறவனும் யூகிக்கிறான். ஆனால் அவன் தன் யூகத்தைத் தானே உடைத்துப் பார்க்கிறான். உடைந்தால் தூக்கி எறிகிறான். ஊர் வம்புக்காரன் தன் யூகத்துக்குக் கையும் காலும் வைத்துப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்புகிறான். அது அங்கிருந்து கிரீடமும் குண்டலமும் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது ‘பார்த்தாயா, அங்கேயும் அப்படித்தான் பேசிக்கொள்ளுகிறார்கள்’ என்று அதையே சாட்சிக்கு அழைக்கிறான். புராணங்கள் எல்லாம் வேறெப்படி உண்டாயின என்று நினைக்கிறீர்கள்? இப்போது கையில் டெலிபோன் வந்துவிட்டபடியால் பக்கத்துத் தெருவுக்குப் பதில் ஒரு நிமிஷத்தில் உலகம் முழுவதும் போய்த் திரும்புகிறது. வேகந்தான் வித்தியாசம்.

உங்கள் ஊரில் ஒரு வீட்டில் இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியவைகளைச் சொல்லிவிடுகிறேன். மானம் போய்விடுமென்று வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்து, சோதிடனிடம் ஒரு நாள், மை பார்க்கிறவனிடம் ஒரு நாள் போக்கிவிட்டு மூன்றாம் நாள் போலீசுக்குப் போகிற வழக்கம் இருக்கிறதே, அதை முதலில் ஒழிக்க வேண்டும். முதல் சில மணி நேரந்தான் தேடுகிறவனுக்குப் பொன்னானது. ‘24 மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வா’ என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு சட்டம் கிடையாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். கடத்தல் போன்ற குற்றத்தைப் பற்றித் தகவல் வந்தால் போலீசார் வழக்குப் பதிந்தே தீரவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு வந்ததே, காணாமற் போன ஒரு சிறு பெண்ணின் தகப்பன் கொடுத்த புகாரைச் சரியாகக் கவனிக்காததனால்தான். ‘இது எங்கள் எல்லையல்ல’ என்பதும் செல்லாது. எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். ‘எவனோடாவது போயிருப்பாள், தானே வருவாள்’ என்று அங்கே உட்கார்ந்திருப்பவர் சொன்னால், ‘அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். அநேகமாகப் பேனாவை எடுக்கமாட்டார். (சிரிப்பு)

கடைசியாகப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு, எந்தப் பாதையில், என்ன நிறத்துத் துணி என்பவைகளைப் பார்த்தவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவள் அறையையும் சாமான்களையும் ஆளுக்கு ஆள் புரட்ட வேண்டாம். தேடப் போகிறவர்கள் கூட்டமாக ஒரே பக்கம் போகாமல் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு போங்கள். அந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் அவள் நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்து நாலு பேருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தால் அது பெரிய உபகாரம். யாராவது உங்களிடம் ‘என்னதான் ஆகியிருக்கும்?’ என்று கேட்டால் ‘தெரியாது’ என்று சொல்லிப் பழகுங்கள். ஆண்களுக்கு அந்த வார்த்தை வாயில் சுலபத்தில் வராது. வீட்டில் தனியாக நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

நேரமாகிவிட்டது. சந்தேகமுள்ளவர்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுக்கலாம். பெண்களும் கொடுக்கலாம், எழுதத் தெரியாதவர்கள் எழுந்து நின்றே கேட்கலாம். தெரிந்தவைகளுக்குப் பதில் சொல்லுகிறேன்.